பூட்டிய கதவின் இருபுறம்



தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் அதற்கு ஒரு விலக்கு உண்டு. நல்ல கதை ஒன்றை மனம் ஊன்றிப் படிப்பவருக்குத் தமக்கு வராத காய்ச்சலும் ஓரளவு தெரிந்துவிடுகிறது. கொள்ளைநோய்க் காலத்தில் ஊரும் வீடும் பூட்டப்பட்டபோது, மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர் என்று சொல்லும் கதைகளைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அண்டை நாடான சிங்கப்பூரிலும் ஏப்ரல் 7ஆம் நாள் கடுமையான கட்டுப்பாடுகள் தொடங்கின. மாலை வந்தால் சுகாதார அமைச்சின் அறிவிப்புக்காகக் காத்திருந்தோம். புதிதாக நோய் கண்டவர் எத்தனை பேர், குணமடைந்தவர் எத்தனை பேர், மாண்டவர் எத்தனை பேர் என்று நாள்தோறும் கேட்டோம். அந்தக் கணக்குகள் இன்றும் பத்திரமாக உள்ளன. கணக்கு இருக்கும்போது கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு மறுமொழி தேட, நாம் முந்நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிச் சென்று இலண்டன் நகரத்தைப் பார்க்க வேண்டும்.

1665ஆம் ஆண்டில் இலண்டனைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் தாக்கியது. எலிகளின்மீது வாழும் தெள்ளுப்பூச்சிகள் வழியாகப் பரவும் நுண்ணுயிரே அதற்குக் காரணம். ஆனால் அந்த நுண்ணுயிரை அறிவியலார் கண்டுபிடித்தது 1894ஆம் ஆண்டில்தான். 1665இல் வாழ்ந்தவர்களுக்கு நோய் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அந்நாளிலும் கணக்கு இருந்தது. ஒவ்வொரு வாரமும் எந்தப் பகுதியில் எத்தனை பேர் மாண்டனர் என்று பட்டியல் அச்சிட்டு விற்றார்கள். அந்த ஓராண்டில் பிளேக்கால் மாண்டவர் 68,596 பேர் என்பது அப்பட்டியல்களின் கூட்டுத்தொகை. உண்மையில் ஓர் இலட்சம் பேர் வரை மாண்டிருக்கலாம் என்பது வரலாற்று ஆய்வாளர் கணிப்பு.

அந்த ஆண்டைப் பற்றி டேனியல் டீபோ என்னும் ஆங்கில எழுத்தாளர் ஒரு நாவல் எழுதினார். தனித்தீவில் ஒதுங்கிய ராபின்சன் குரூசோவின் கதையை எழுதினாரே, அவரேதான். ‘கொள்ளைநோய் ஆண்டின் நாட்குறிப்பு’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். வெளிவந்த ஆண்டு 1722. நாட்குறிப்பு என்று பெயர் இருந்தாலும் அது கதையே. ஏனெனில் இலண்டனில் நோய் பரவியபோது டீபோவுக்கு ஐந்து வயது இருக்கலாம். ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்துத்தான் அவர் எழுத உட்கார்ந்தார். பழைய இறப்புப் பட்டியல்களையும் நகராட்சியின் ஆணைகளையும் தேடி எடுத்தார். அந்நாளில் எழுதப்பட்ட சிறு நூல்களைப் படித்தார். பெரியவர்கள் சொல்லிக் கேட்டவையும் அவர் நினைவில் இருந்திருக்கும். அவருடைய சிற்றப்பா முறையினர் ஒருவர் குதிரைச் சேணம் செய்து விற்கும் தொழிலில் இருந்தவர். நாவலில் கதை சொல்பவரும் ஒரு சேண வணிகரே. அவருக்குப் பெயர்கூட இல்லை, ஹெச். எஃப். என்ற இரண்டு எழுத்துகள் மட்டுமே.

அத்தனை ஆண்டுகள் கழித்து அவர் ஏன் எழுதினார்? 1720இல் பிரான்சு நாட்டின் மார்சேய் துறைமுகத்துக்குக் கப்பல் வழியாகப் பிளேக் வந்து சேர்ந்தது. அடுத்து இங்கிலாந்துக்கும் வந்துவிடுமோ என்று மக்கள் அஞ்சினர். 1721இல் ஆங்கில நாடாளுமன்றம் நோய்த் தடுப்புக்காகக் கடுமையான சட்டம் ஒன்றை இயற்றியது. நோய் வந்தால் வீடுகளைப் பூட்டலாமா, ஊரை அடைக்கலாமா என்று எங்கும் வாதம் நடந்தது. அந்த வாதத்தின் நடுவில், முன்பு பூட்டியபோது என்ன நடந்தது தெரியுமா என்று சொல்ல வந்தது இந்த நாவல்.

என்னதான் நடந்தது? ஒரு வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டால் போதும். வீட்டிலுள்ள அனைவரையும் உள்ளே வைத்து ஒரு மாத காலம் பூட்டிவிடுவார்கள். கதவின் நடுவே ஓர் அடி நீளத்தில் சிவப்புச் சிலுவைக் குறி வரைவார்கள். ஆண்டவனின் இரக்கத்தை வேண்டும் ஒரு வரியை அதன்மேல் எழுதுவார்கள். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று இரண்டு காவலாளிகளை வாசலில் நிறுத்துவார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு ரொட்டி வேண்டுமா, மருந்து வேண்டுமா, காவலாளிதான் போய் வாங்கி வரவேண்டும். போகும்போது கதவைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். இது டீபோவின் கற்பனை அன்று. 1665ஆம் ஆண்டின் நகராட்சி ஆணை அப்படித்தான் கூறிற்று. அந்த ஆணையை டீபோ தம் நாவலுக்குள் அப்படியே சேர்த்திருக்கிறார்.

நேயர்களே, இந்த இடத்தில்தான் கதையின் வேலை தொடங்குகிறது. ஆணையைப் படித்தால் அது நியாயமாகத் தோன்றும். நோய் உள்ளவர் வெளியே வரக்கூடாது; அவ்வளவுதானே? ஆனால் டீபோ நம்மை அந்தக் கதவருகே அழைத்துச் செல்கிறார். உள்ளே நோயாளி ஒருவர். நலமாக உள்ளவர் ஐந்து பேர். அந்த ஐவரையும் நோயாளியோடு சேர்த்துப் பூட்டினால் அவர்கள் கதி என்ன? உள்ளிருந்து எழும் அழுகுரல் தெருவுக்குக் கேட்கிறது. ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டுப் பின் அடங்கிப்போகிறது. காவலாளி தட்டிப் பார்க்கிறான், மறுமொழி இல்லை. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் தரையில் ஓர் இளம்பெண்ணின் உடல் கிடக்கிறது. மற்றவர்கள் வேறு வழியாகத் தப்பி ஓடிவிட்டார்கள்.

இதைப் படிக்கும்போது நம் மனம் முழுவதும் உள்ளே இருப்பவர் பக்கம் சாய்கிறது. டீபோ அதோடு விடுவதில்லை. அடுத்து வேறொரு வீட்டைக் காட்டுகிறார். அங்கே உள்ளே இருந்தவர்கள் வெடிமருந்தை வெடிக்கச் செய்து காவலாளியைச் சுட்டெரித்துவிடுகிறார்கள். அவன் துடித்து அலறும்போது நடக்க முடிந்தவர்கள் சன்னல் வழியாகக் குதித்து ஓடுகிறார்கள். எழ முடியாத நோயாளிகள் இருவர் உள்ளேயே கிடந்து உதவிக்குக் கூவுகிறார்கள். அந்தக் காவலாளி யார்? பிழைப்பு நின்றுபோன நகரத்தில், வேறு வேலை கிடைக்காமல், கிடைத்த கூலிக்கு நோயாளி வீட்டு வாசலில் நிற்கச் சம்மதித்த ஓர் ஏழை. அவனுக்கும் உயிர் உண்டு. இப்படிப் பூட்டிய கதவின் இருபுறத்திலும் நம்மை நிற்க வைத்துவிடுகிறார் ஆசிரியர். பட்டியல் இதைச் செய்யாது. பட்டியலில் மாண்டவர் ஓர் எண். காவலாளியோ அந்த எண்ணுக்குள்ளும் வருவதில்லை.

சேண வணிகரும் சில காலம் வீடுகளைச் சோதிக்கும் பொறுப்பில் நியமிக்கப்படுகிறார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்று வாரத்தில் வேறொருவருக்குச் சிறிது பணம் கொடுத்துத் தம் இடத்தில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். ஆனால் அந்த வேலையில் அவர் ஓர் உண்மையைக் கண்டுகொள்கிறார். வீட்டைப் பூட்டிவிடுவார்கள் என்ற அச்சத்தாலேயே மக்கள் நோயை மறைக்கிறார்கள். அதிகாரிக்குச் செய்தி எட்டும்போது நோய் அண்டை வீட்டுக்குப் போய்விடுகிறது. அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர் சொல்கிறார். நோயின் அடையாளம் எதுவும் வெளியே தெரியாமல், நலமாக நடமாடும் ஒருவரே தம்மை அறியாமல் பிறருக்கு நோயைக் கொடுத்துவிடக்கூடும்; அவரை எந்தப் பூட்டு தடுக்கும் என்று கேட்கிறார். 2020இல் நாமும் இதே பாடத்தைத்தான் கற்றோம். அறிகுறி இல்லாதவரும் கோவிட் 19 நோயைப் பரப்பலாம் என்று மருத்துவர்கள் எடுத்துச் சொன்னதை நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாம் என்கிறாரா? அப்படியும் சொல்லவில்லை. பொதுநலம் கருதி இடப்பட்ட ஆணை என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். நகரத் தலைவரும் அலுவலர்களும் ஓடிப் போகாமல் ஊரிலேயே தங்கி, ரொட்டிக்குத் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொண்டதை மனமாரப் புகழ்கிறார். எளிய மனிதர்கள் தாமாகவே கண்டுபிடித்த தற்காப்பு முறைகளையும் பதிவு செய்கிறார். இறைச்சிக் கடையில் கடைக்காரர் கையிலிருந்து யாரும் இறைச்சியை வாங்குவதில்லை. கொக்கியில் தொங்குவதை வாங்குபவரே எடுத்துக்கொள்வார். காசைக் கடைக்காரர் தொடமாட்டார். புளிக்காடி நிரம்பிய சட்டியில் போடச் சொல்வார். மீதிக் காசு தரும் தொல்லை வராமலிருக்க, வாங்குபவர் சில்லறையோடு வருவார். கடை வாசலில் கைத்தூய்மி வைத்து வரிசையில் இடைவெளி விட்டு நின்ற நமக்கு இது அந்நியமாகத் தெரிகிறதா? இல்லையே!

இந்த நாவலில் என் மனத்தைவிட்டு நீங்காத பகுதி வேறொன்று. சேண வணிகர் ஒருநாள் தேம்ஸ் ஆற்றங்கரைப் பக்கம் நடந்து போகிறார். அங்கே ராபர்ட் என்னும் ஏழைப் படகோட்டியைச் சந்திக்கிறார். ராபர்ட்டின் மனைவிக்கும் ஒரு குழந்தைக்கும் நோய். அவன் வீட்டுக்குள் போவதில்லை. பெற்ற பிள்ளையையும் கட்டிய மனைவியையும் கைவிட்டுவிட்டாயா என்று வணிகர் கடிந்து கேட்கிறார். அவன் கண்ணீர் விடுகிறான். தான் கைவிடவில்லை என்றும், அவர்களுக்காகவே உழைப்பதாகவும் சொல்கிறான். நோய்க்கு அஞ்சிக் குடும்பத்தோடு கப்பல்களில் போய்த் தங்கிய செல்வர்களுக்கு அவன் படகில் உணவுப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிறான். இரவில் படகிலேயே உறங்குகிறான். கிடைத்த காசையும் உணவையும் வீட்டுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு பெரிய கல்லின்மேல் வைக்கிறான். பிறகு விலகி நின்று மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். வீட்டிலிருந்து வந்து எடுத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு அவன் கல்லின்மேல் வைத்தது நான்கு வெள்ளிக்காசு. கேட்டுக்கொண்டிருந்த வணிகர் தம் பையிலிருந்து இன்னும் நான்கு காசு எடுத்துக் கொடுக்கிறார்.

நேயர்களே, அந்தக் கல்லைச் சற்று நினைத்துப் பாருங்கள். இத்தனை அடி தள்ளி நில்லுங்கள் என்ற சட்டம் எல்லார் காதிலும் விழுந்தது. ஆனால் அன்பு உள்ளவர் அந்த இடைவெளியில் என்ன செய்தார் என்பதை அந்தக் கல் சொல்கிறது. ராபர்ட் என்று ஒருவன் உண்மையில் இருந்தானா என்பது இங்கே கேள்வியே அன்று. அத்தகைய கற்கள் நம் காலத்திலும் இருந்தன. வாசற்கதவில் சாப்பாட்டுப் பொட்டலத்தை மாட்டிவிட்டு, தெருவில் நின்றபடி அம்மாவைக் கூப்பிட்ட பிள்ளைகளை நாம் அறிவோம்.

இனி, வீட்டைவிட்டு ஊர் முழுவதையும் பூட்டிய கதைக்கு வருவோம். பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் காம்யு 1947இல் ‘கொள்ளைநோய்’ என்ற நாவலை வெளியிட்டார். அல்ஜீரியா நாட்டின் ஓரான் துறைமுக நகரில் பிளேக் பரவுகிறது. ஊரின் வாயில்கள் அடைக்கப்படுகின்றன. கடிதம் வழியாக நோய் பரவும் என்று கடிதங்களும் நிறுத்தப்படுகின்றன. தந்தியில் சில சொற்கள் அனுப்பலாம், அவ்வளவே. சில நாள் பயணம் என்று வெளியூர் போனவர் திரும்ப முடியவில்லை. சில நாள் தங்கலாம் என்று ஊருக்குள் வந்தவர் வெளியேற முடியவில்லை.

அப்படி அகப்பட்டவர்களில் ஒருவர் இராம்பேர் என்னும் செய்தியாளர். அவருடைய அன்புக்குரியவள் பாரிசு நகரில் இருக்கிறாள். தமக்கு நோய் இல்லை என்று சான்றிதழ் தரும்படி மருத்துவர் இரியேயிடம் போய்க் கேட்கிறார். தாம் இந்த ஊர்க்காரர் அல்லர் என்றும் வாதிடுகிறார். மருத்துவர் மறுத்துவிடுகிறார். கள்ள வழியில் வெளியேற இராம்பேர் பல நாள் முயல்கிறார். கடைசியில் வழி திறக்கும் வேளையில், போகாமல் நின்றுவிடுகிறார். ஊரெல்லாம் துன்பப்படும்போது தாம் மட்டும் இன்பமாக இருப்பதற்கு அவருக்கு வெட்கமாக இருக்கிறது. சான்றிதழ் தர மறுத்த மருத்துவரின் மனைவியும் நோயாளியாக வேறோர் ஊரில்தான் இருக்கிறாள். அவளைப் பார்க்காமலேயே அவளுடைய மரணச் செய்தி அவருக்கு வருகிறது. கதவைப் பூட்டியவரும் பூட்டுக்கு இரையானவரே என்பதை காம்யு அந்தக் குறிப்பில் உணர்த்திவிடுகிறார். பிரான்சு நாட்டை ஜெர்மானியர் ஆண்ட போர்க்காலத்தில், காம்யுவே மனைவியைப் பிரிந்து வாழ நேர்ந்தது. அவர் பிரான்சில், மனைவி அல்ஜீரியாவில். பிரிவின் வலியை அவர் கேள்விப்பட்டு எழுதவில்லை.

ஜொகூர் பாருவில் குடும்பத்தை வைத்துவிட்டுச் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த நாவலை யாரும் விளக்கத் தேவையில்லை. 2020 மார்ச் 18இல் கடற்பாலம் மூடப்பட்டது. சில வாரம் என்று எண்ணி அக்கரையில் தங்கியவர்கள் பலர். தடுப்பூசி போட்டவர்களுக்குத் தரைவழிப் பயணம் ஓரளவு திறந்தது 2021 நவம்பர் 29இல்தான். பாலம் முழுமையாகத் திறக்கப்பட்டது 2022 ஏப்ரல் முதல் நாள். இடையில் இரண்டு ஆண்டுகள். பாலத்தின் நீளமோ ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். அதைக் கடக்க முடியாமல், கைப்பேசித் திரையில் பிள்ளை தவழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்த தகப்பன்மார் எத்தனை பேர்! பெற்றவரின் இறுதிச் சடங்கையும் அதே திரையில் பார்த்தவர் எத்தனை பேர்! அவர்களின் கதையை யார் எழுதுவது?

இந்தக் கேள்வி வரும்போது இன்னொரு பழைய நூலையும் நினைக்க வேண்டும். இத்தாலி நாட்டின் புளோரன்சு நகரில் 1348இல் இதே நோய் பரவியது. அந்தப் பின்னணியில் பொக்காச்சியோ எழுதிய ‘தெக்காமரோன்’ உலகப் புகழ் பெற்றது. ஏழு இளம்பெண்களும் மூன்று இளைஞர்களும் நகரைவிட்டுப் போய் நாட்டுப்புற மாளிகையில் தங்கி, பத்து நாளில் நூறு கதைகள் சொல்கிறார்கள். அச்சத்தை மறக்கக் கதை உதவும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அந்தப் பத்துப் பேரோடு வேலைக்காரர்களும் போனார்கள். சமைத்தவர்கள், பரிமாறியவர்கள், படுக்கை விரித்தவர்கள். வெளியிலிருந்து மகிழ்ச்சியான செய்தியைத் தவிர வேறு எந்தச் செய்தியையும் கொண்டுவரக் கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. நூறு கதைகளில் ஒன்றைக்கூட அவர்கள் சொல்லவில்லை. அவர்களுடைய வீட்டாரும் அந்த நோய்நகரத்தில் இருந்திருப்பார்களே! அவர்கள் வாய் திறந்திருந்தால் நூற்றோராவது கதை எப்படி இருந்திருக்கும்?

2020 ஜூலையில் அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், தன் வார இதழில், பல நாட்டு எழுத்தாளர்கள் எழுதிய இருபத்தொன்பது முடக்ககாலக் கதைகளைத் ‘தெக்காமரோன்’ பெயரை ஒட்டியே வெளியிட்டது. உலகம் தன் கதையை எழுதத் தொடங்கிவிட்டது. நம் கதை?

நம் முன்னோருக்கும் பூட்டிய கதவு புதிதன்று. கப்பலேறி மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களில் பலர் கரை இறங்கியதும் தோட்டத்துக்குப் போகவில்லை. பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலும் சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான்ஸ் தீவிலும் இருந்த தடுப்பு முகாம்களில் நோய்ச் சோதனைக்காக அடைபட்டிருந்தனர். பிறகு 1918இல் உலகையே உலுக்கிய விஷக் காய்ச்சல் வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலாயாவின் தோட்டங்களையும் அது விடவில்லை. அந்தக் காய்ச்சலில் டென்வர் நகரில் கிடந்து பிழைத்த அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் ஆன் போர்ட்டர், இருபத்தொரு ஆண்டு கழித்து, 1939இல், அதை ஓர் அரிய குறுநாவலாக வெளியிட்டார். நம் தோட்டத்து லயங்களில் கிடந்தவர்களுள் எழுதத் தெரிந்தவர் மிகச் சிலர். அவர்கள் பட்ட பாடு வாய்ப்பேச்சாக இருந்து, பேசியவரோடு போயிற்று. இறந்தவர் தொகை ஆண்டறிக்கைகளில் இருக்கிறது. கல்லின்மேல் காசு வைத்தவன் அதில் இல்லை.

இப்பொழுது நம்மிடம் எழுத்து இருக்கிறது. ஆனால் எதை எழுதுவது என்ற தெளிவு வேண்டும். பள்ளி மீண்டும் திறந்தபின், நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தைப் பற்றி என் மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் அரசாங்கம் ஆணை பிறப்பித்தது, நாங்கள் முகக்கவரி அணிந்தோம், கைகளைக் கழுவினோம் என்று செய்தி அறிக்கை போலவே எழுதியிருந்தனர். பிழை இல்லாத கட்டுரைகள். ஒரு சிறுமி மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தாள். வீட்டில் ஒரே கைப்பேசி. அப்பா அதை எண்ணெய்ப்பனைக் குலை வெட்டும் வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவார். மாலையில் அவர் வந்து, குளித்து, தேநீர் குடித்த பிறகே அது பிள்ளைகள் கைக்கு வரும். அண்ணனுக்கு முதலில், அவளுக்குக் கடைசியில். புலனத்தில் ஆசிரியர் காலையில் அனுப்பிய பாடத்தை அவள் இரவு ஒன்பது மணிக்குத் திறப்பாள். அப்பா வீடு வரும்வரை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று ஒரே வரியில் முடித்திருந்தாள். எழுத்துப்பிழை ஏழெட்டு இருந்தது. ஆயினும் அந்த வரியை நான் வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினேன். இல்லிருப்புக் கற்றலைப் பற்றி நான் படித்த அறிக்கைகள் எதிலும் இல்லாத ஒன்று அதில் இருந்தது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒன்று உண்டு. கட்டுரை எழுதும் பிள்ளைக்குக் கருத்தைக் கொடுக்காதே; கண்டதைக் கேள். முடக்ககாலக் கதை எழுத விரும்புவோருக்கும் அதுவே பொருந்தும். மூன்று செய்திகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது, சிறு பொருளை விடாதீர்கள். டீபோவுக்குப் புளிக்காடிச் சட்டி வாய்த்தது. நமக்கு வேறு உண்டு. 2021ஆம் ஆண்டின் நடுவில், உணவுக்கு வழியில்லாதவர்கள் தங்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். அதைக் கண்ட அக்கம்பக்கத்தார் இனம் பாராமல் அரிசியும் மாவும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இலண்டனில் கதவின் சிவப்புக் குறி வராதே என்றது. நம் நாட்டில் வெள்ளைத் துணி வாருங்கள் என்று அழைத்தது. அந்தத் துணியைக் கட்டுவதற்கு முன் ஒரு குடும்பத் தலைவன் எத்தனை நாள் தயங்கினான்? எந்தத் துணியைக் கிழித்தான்? கதை அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, கதவின் இருபுறமும் நில்லுங்கள். 2020 ஏப்ரலில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் சில அடுக்குமாடிக் கட்டடங்கள் முள்கம்பி வேலியிட்டு அடைக்கப்பட்டன. உள்ளே இருந்தவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் பலர். அவர்களுக்கும் கதை உண்டு. வேலிக்கு வெளியே வெயிலில் காவல் நின்ற இளைஞனுக்கும் கதை உண்டு. அவனும் வீட்டுக்குப் போனால் பிள்ளையைத் தூக்க அஞ்சியிருப்பான். ஒருவரை அரக்கராக்கி மற்றவரைத் தெய்வமாக்கினால் அது மேடைப்பேச்சாகிவிடும். சினமும் இரக்கமும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது, உடனே நாவல் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் சரக்கைச் சேர்த்து வையுங்கள். இலண்டனில் நோய் பரவிய அதே ஆண்டில் சாமுவேல் பெப்பிசு என்னும் அரசாங்க அதிகாரி தம் நாட்குறிப்பில் அன்றாடம் எழுதி வந்தார். சிவப்புக் குறி இட்ட கதவுகளை முதன்முதல் கண்டபோது தமக்கு உண்டான கலக்கத்தையும் எழுதினார். அந்த நாட்குறிப்பு சுருக்கெழுத்தில் இருந்தமையால் 1825ஆம் ஆண்டில்தான் அச்சேறியது. ஒருவர் எழுதி வைத்தது நூற்று அறுபது ஆண்டு கழித்தும் உலகுக்குப் பயன்பட்டது. எழுதாமல் விட்டது எத்தனை ஆண்டு கழித்தும் பயன்படாது.

நேயர்களே, ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஐந்து வயதில் கொள்ளைநோயைக் கண்ட டீபோ ஐம்பத்தேழு ஆண்டு கழித்து அதைக் கதையாக்கினார். 2020இல் ஐந்து வயதாக இருந்த ஒரு தோட்டத்துப் பிள்ளை அதே போல எழுத உட்கார்ந்தால் அது 2077ஆம் ஆண்டாக இருக்கும். அந்நாளில் அப்பிள்ளை எதைத் தேடும்? நோய்க் கணக்கு எளிதாகக் கிடைத்துவிடும். அரசாங்க ஆணைகளும் கிடைக்கும். அந்த மாதங்களில் அம்மா அடுப்படியில் எதை வைத்துச் சமைத்தார், அப்பா சம்பளம் இல்லாத மாதத்தை எப்படிக் கடத்தினார், தாத்தாவின் உடலுக்கு யார் கொள்ளி வைத்தார், கோயில் பூட்டியிருந்த நாளில் பாட்டி எந்தத் திசை பார்த்துக் கும்பிட்டார் என்பவை எங்கே கிடைக்கும்? நாம் எழுதி வைத்திருந்தால் கிடைக்கும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரு பயிற்றுப் புத்தகத்தை எடுங்கள். உங்கள் வீட்டுக் கதவு பூட்டியிருந்த நாளில் நடந்த ஒன்றே ஒன்றை நான்கு பக்கம் எழுதுங்கள். எழுத இயலாத பெரியவர்கள் இருந்தால் அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். தேதி போடுங்கள். ஊர்ப் பெயர் எழுதுங்கள். அழகாக அமையவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அழகைச் சேர்ப்பவன் பின்னால் வருவான். அவன் கைக்குக் காசும் கல்லும் கிடைக்க வேண்டும். அது நம் பொறுப்பு.